பால்வண்ண மாடனுக்கு ஒரு டம்ளர்

கூந்தன்விளைக்குப் போகிற மத்தியானப் பேருந்தில் அன்றைக்கு ஏறிய நடுக்கத்திடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. அந்தப் பேருந்தின் சன்னல்களும் கம்பிகளும், ஏன், கண்டக்டர் ஊதுகிற விசிலும்கூட எப்போதும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருப்பவைதான். அதனால் புதிதாக ஒரு நடுக்கம் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் பின்படிக்கட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரைக்கும் அது பரோட்டா மாஸ்டர் பலவேசத்தின் இரண்டு கைகளிலும் குடியிருந்தது. அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது விரல் நுனி வழியாக இறங்கியது. கஞ்சிக் கிண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டி, கட்டில் காலைக் கொஞ்சம் ஆட்டி, மருந்து பாட்டில் தொங்குகிற கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வாசல் வழியாக வெளியே போனது. அது போவதை அவன் மனைவி ராசகனி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விட்டது சனியன் என்று நினைத்தாளே தவிர, அது எந்தப் பேருந்தில் ஏறும், எந்த ஊரில் இறங்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அந்த நடுக்கத்தை ஊட்டி வளர்த்தவளே அவள்தான்.

அது வளர்ந்த கதையை முதலில் சொல்லிவிடலாம்.

பலவேசத்துக்கு மெயின் ரோட்டு ஓட்டலில் வேலை. அவன் மாவை வீசினால் அது துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி விரியும். அந்தப் பக்கம் நிற்கிறவர் மீசை முறுக்குவது இந்தப் பக்கம் தெரியும் என்பார்கள். அப்படிப்பட்ட கை, காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் ஆடும். ஒரு டம்ளர் பிராந்தி உள்ளே போனால்தான் நிற்கும். அந்த டம்ளரையும் அவனால் பிடிக்க முடியாது, பாதி தரையில் போய்விடும். ஆகவே ராசகனியே ஊற்றுவாள். விளிம்பு நெளிந்த ஒரு எவர்சில்வர் டம்ளர். நெளிவு வரைக்கும் ஊற்றி, சேலை முந்தானையால் விளிம்பைத் துடைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி அவன் வாயில் வைத்து, "மெதுவா, மெதுவா" என்பாள். கொஞ்ச நேரத்தில் கை நிற்கும். கை நின்றால் மாவு பிசையலாம், மாவு பிசைந்தால் உலை வைக்கலாம். இதில் எது சரி, எது தப்பு என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிறவள் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

பலவேசத்தின் ஊரான கூந்தன்விளையின் சாமி பால்வண்ண மாடன். அந்தப் பக்கத்து மாடன்களெல்லாம் கிடாவும் சாராயமும் சுருட்டும் கேட்பவர்கள். பால்வண்ணன் மட்டும் பால் குடிக்கிற மாடன். அவனுக்குப் படையல் பாலும் பாயசமும்தான். குடித்தவன் மூச்சுக்காற்று பட்டால்கூட அவன் முகம் கறுத்துப்போகும் என்பது நம்பிக்கை. அந்த மாடனுக்கு ஆடிக்கொண்டிருந்த பெரியவர் மகனோடு பம்பாய்க்குப் போய்விட்டார். அந்த வருஷத் திருவிழாவான கொடைக்கு யார் காப்புக் கட்டி ஆடுவது என்று ஊர் கூடிப் பேசியபோது, பலவேசம் எழுந்து, "நான் கட்டுதேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததற்காகவே அவன் கட்டினான். கையில் மஞ்சள் கயிறு ஏறிய நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை. ராசகனி டம்ளரை நீட்டியபோதும், "எடுத்துட்டுப் போடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவு சுத்தமாக அவன் வேறெதையும் செய்ததில்லை.

இரண்டு நாள் போவதற்குள் அவன் ஆட ஆரம்பித்தான். கை ஆடியது, தாடை ஆடியது, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. சுவரில் இல்லாத எறும்புகளைப் பார்த்து, "வாரானுவ, வாரானுவ" என்று கத்தினான். எட்டிப் பார்த்த தர்மகர்த்தா சொரிமுத்து அண்ணாச்சி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மாடன் முன்கூட்டியே வந்துட்டான்லே! கொடைக்கு இன்னும் நாள் கெடக்கு, பொறுக்க மாட்டாம வந்துட்டான்!"

ராசகனிக்குத் தெரியும். தினமும் காலையில் அவள் பார்க்கிற ஆட்டம்தான் அது, டம்ளர் கிடைக்காததால் வளர்ந்துவிட்ட ஆட்டம். சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தைக் காலால் தள்ளிவைத்துவிட்டு முன்னால் பிடித்தவர்கள், 'குடிகாரன் பொண்டாட்டி' என்று அவள் காதுபடச் சொன்னவர்கள், வரிசையாக வந்து அவள் காலைத் தொட்டார்கள். எதிர்வீட்டுச் சீனியம்மாள் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி வீட்டம்மா" என்றாள். ராசகனி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த வாய் அப்படி மூடியதற்கு, பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும், அவளால் வேறொரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொடையன்று பலவேசம் மாடனின் ஈட்டியான வல்லயத்தைப் பிடித்து ஆடினான். ஆடிக்கொண்டிருந்தவன் விறைத்து, வெட்டி வெட்டி இழுத்து விழுந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். பால் குடிக்கிற மாடன் ஊர்ப் பாவத்துக்காக ரத்தம் கக்குகிறான் என்று குலவை போட்டார்கள். ராசகனி அவன் தலைமாட்டில் நின்றாள். அவளும் குலவை போட்டாள்.

அதற்குப் பிறகு குறி கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினால், ராசகனி இரண்டு நாளைக்கு முன்பே பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்து, வெளிக்கதவைப் பூட்டி, "சாமி வரப்போகுது, விரதம் இருங்க" என்பாள். பலவேசம் இருப்பான். அவன் முழுக்க நம்பினான். தன் கைக்குள் மாடன் வந்து போகிறான் என்றும், மற்ற நேரம் மாடன் இல்லாத வெறுமையில்தான் தான் குடிக்கிறோம் என்றும் நம்பினான். ஆட்கள் வருவார்கள், அவன் ஆடுவான், வாய்க்கு வந்ததைச் சொல்வான், ஆட்கள் போவார்கள். கதவைச் சாத்திவிட்டு ராசகனி டம்ளரில் நெளிவு வரைக்கும் ஊற்றுவாள். மெதுவா, மெதுவா. இப்படி ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையே அவள் பிராந்திக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூடுகிற ஒவ்வொரு தடவையும் ஆட்டம் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது, முன்னைவிடப் பெரிதாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, குறி கேட்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் விழுந்தான். ஒரு இழுப்பு முடிந்து கண் விழிக்கும் முன்பே அடுத்த இழுப்பு வந்தது. உதடு நீலமாகிவிட்டது. "சாமி உக்கிரமா இருக்கு" என்றார்கள். ராசகனி அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "சாமியுமில்ல, பூதமுமில்ல, ஆட்டோ கூப்பிடுங்க" என்று அலறினாள். அதையும் ஒரு மனைவியின் பதற்றம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

குடியை நிறுத்த வந்தவர்களைப் படுக்கவைக்கிற வார்டு அந்த ஆஸ்பத்திரியில் மாடியில் இருந்தது. கட்டில்களுக்கு இரண்டு பக்கமும் தொட்டில் மாதிரி கம்பி. வேளை தவறாமல் சிஸ்டர் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார், மஞ்சள் நிற மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும். மாத்திரைகளை முதலில் நிறையக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். டாக்டர் ஜெனிட்டா வந்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டிக் காட்ட வேண்டும். விரல்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று அவர் குனிந்து பார்ப்பார்.

"இவர் இதுக்கு முன்னாடி எப்பவாவது குடியைத் திடீர்னு நிறுத்தியிருக்காரா?" என்று டாக்டர் முதல் நாளே ராசகனியிடம் கேட்டார். "அப்போ வலிப்பு ஏதும் வந்துச்சா?"

"இல்ல டாக்டரம்மா. ஒருநாளும் நிறுத்தினதில்ல."

டாக்டர் அதை நம்பி அதற்குத் தக்க மருந்து கொடுத்தார். அந்த மருந்து பலவேசத்துக்குப் போதவில்லை. மறுநாள் அவனுக்கு நினைவு தடுமாறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இல்லாத அடுப்பில் இல்லாத பரோட்டாவைப் புரட்டினான். சுவரிலிருந்து எறும்புகள் இறங்கி வந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் ஐகோர்ட்துரை, "வே மாஸ்டர், எனக்கு ரெண்டு, சால்னா தனியா" என்று சொல்லிப் பார்த்தான். பலவேசம் நிஜமாகவே இரண்டை எடுத்து இலையில் வைத்தான். அதற்குப் பிறகு ஐகோர்ட்துரையும் சிரிக்கவில்லை. இழுப்பு வந்தது. சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள்.

டாக்டர் ராசகனியைச் சன்னல் பக்கம் கூட்டிப் போனார். "இங்க பாருங்கம்மா. குடி ஒரு பாரம் மாதிரி மூளையை அழுத்திக்கிட்டே இருக்கும். மூளையும் சளைக்காம அதை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். திடீர்னு பாரத்தை எடுத்தா, தள்ளின வேகத்துல துள்ளிப் போயிரும். அதுதான் நடுக்கம், அதுதான் வலிப்பு. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் இன்னும் மோசமாத் துள்ளும். இவர் துள்ளுறதைப் பார்த்தா முதல் தடவை மாதிரித் தெரியலை. நான் உங்களைக் குத்தம் சொல்லக் கேக்கலை, மருந்துக்காகக் கேக்கேன்."

ராசகனி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நெறைய தடவை நின்னிருக்கு டாக்டரம்மா. நாந்தான் நிறுத்துவேன்."

"எதுக்கு?"

"சாமி வரட்டும்னு."

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தாள். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். டாக்டர், "கடைசியா எப்போ?" என்று கேட்டார், சொன்னதும் திரும்பி சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்தின் அளவை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ராசகனிக்குத் தாங்கவில்லை. உண்மை அத்தனை சின்னதாக இருந்தது, ஒரு சிஸ்டர் கையில் எடுத்துப்போகிற அளவுக்கு.

மாற்றிய மருந்து வேலை செய்தது. பலவேசம் தூங்கினான், விழித்தான், மறுபடி தூங்கினான். எறும்புகள் சுவருக்குத் திரும்பிப் போயின. ஒரு காலையில் கஞ்சி குடிக்கும்போது, முதலில் சொன்னோமே, நடுக்கம் அப்படி அவன் கையை விட்டு இறங்கிப் போனது. "இறங்கிருச்சா? நல்லது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த வார்டில் அது நடக்கிற காரியம்தான்.

கூந்தன்விளையில் அது இறங்கியபோது மத்தியான வெயில். முதலில் டீக்கடைக்குள் நுழைந்தது. கவிழ்த்துவைத்திருந்த கண்ணாடி கிளாஸ்களெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. அங்கிருந்து மாவு மில்லுக்குப் போனது; பெண்கள் சல்லடையைத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க, சல்லடை தானாகச் சலித்தது. "நல்லதாப் போச்சு, கை வலி மிச்சம்" என்றார்கள். சீனியம்மாள் பேரனின் தொட்டிலை ஆட்டிவிட்டது. புளியமரத்தை உலுக்கிப் பழம் உதிர்த்தது. அது போகிற தெருவில் பெண்கள் தயிர்ப்பானையை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள், வெண்ணெய் திரண்டது. கோயில் தெருவில் சவரக்கடை வைத்திருந்தவர் மட்டும் கத்தியை மடித்து வைத்துவிட்டு, "இது இந்தத் தெருவுல இருக்க வரைக்கும் நான் யார் கழுத்துக்கும் பொறுப்பில்ல" என்று கடையை மாற்றிக்கொண்டார்.

கடைசியில் அது பால்வண்ண மாடன் கோயிலுக்குள் போய், பீடத்தில் நட்டிருந்த வல்லயத்தில் ஏறிக்கொண்டது. அதில் கட்டியிருந்த வெண்கல மணிகள் காற்றில்லாமல் ஆடின. ஓயாமல் ஆடின. அதற்கு அப்புறம் ஊருக்குச் சந்தேகம் ஏது? சொரிமுத்து அண்ணாச்சி பால் அபிஷேகம் செய்தார். குறி கேட்டார்கள். "மகளுக்கு இந்த ஆவணியில வரன் அமையுமா சாமி?" என்றால் மணி ஆடியது. "அமையாதா சாமி?" என்றாலும் ஆடியது. இரண்டு பதிலும் கிடைத்ததால் அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

ஆனால் கொடை வந்தது. கொடைக்கு மாடன் ஆட வேண்டும், ஆட ஓர் உடம்பு வேண்டும். காப்புக் கட்டாத சாமி கட்டுத்தறி இல்லாத மாடு என்று சொரிமுத்து அண்ணாச்சி சொன்னார். தேங்காய் பழத் தட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தட்டைக் கட்டிலில் வைத்தார்.

"பலவேசம், உன் மாடன் ஊருக்கு வந்து உனக்காகக் காத்துக் கெடக்கான். நாளைக்கு மத்தியானக் கொடை. கெளம்பு."

பலவேசம் கைகளை விரித்துப் பார்த்தான். அவை அசையாமல், யாருடைய கைகளோ போலக் கிடந்தன. "தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு என்னை விட்டு இறங்கிப் போனப்பவே தெரியும். அதுலேருந்து கை வெறிச்சுன்னு கெடக்கு. வெறும் பரோட்டா மாஸ்டர் கை."

ஐகோர்ட்துரை புரண்டு படுத்தான். "எங்கையை விட்டும்தான் ஒண்ணு எறங்குச்சு. அது எந்த ஊருக்குப் போச்சோ, ஒரு பய தட்டு எடுத்துட்டு வரல."

டாக்டர் ஜெனிட்டா ராசகனியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "அவரைக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லம்மா. போகணும்னா போகலாம். ஆனா அங்க போனா அந்த நடுக்கம் மறுபடி ஏறும். ஏறினா குடிச்சுத்தான் அடக்குவார். குடிச்சிட்டு இன்னொரு தடவை ஒரேயடியா நிறுத்தினா, எழுந்திருப்பார்னு நான் சொல்ல மாட்டேன்."

ராசகனி உள்ளே போனாள். பலவேசம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றாக, சரியான துவாரத்தில். அவன் அப்படிப் போட்டு அவள் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போதே, இங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஊரே கூப்பிட்டு அனுப்பிய ஆளின் முகம். அந்த முகத்தை அவனுக்குக் கொடுத்தது அவள் பொய்தான். அதைப் பிடுங்கினால் அடியில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, நான் முதல்ல போறேன்" என்றாள். "நான் போய் மாடன்கிட்டயே கேக்கேன். அவன் உங்களைத்தான் கேக்கான்னா, ஆளனுப்புதேன், வாங்க. அதுவரைக்கும் இந்தக் கட்டில்ல இருங்க."

"நீ கேட்டா மாடன் சொல்லுவானா?"

"எனக்குச் சொல்லுவான்" என்றாள் ராசகனி. அது மட்டும் பொய்யில்லை.

மறுநாள் பேருந்து ஏறுவதற்கு முன்னால் அவள் பிராந்திக் கடைக்குப் போனாள். கம்பிக்குப் பின்னால் இருந்தவன் அவளைப் பார்த்ததும், "என்னக்கா, ரொம்ப நாளா ஆளைக் காணோம்? வழக்கமானதுதான?" என்று கேட்டுக்கொண்டே எடுத்து வைத்தான். அவள் அதை வயர்கூடையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்த அந்த நெளிந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். பேருந்து முழுக்க அந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

கோயிலில் மேளம் காதைப் பிளந்தது. சாமி வீட்டம்மா வருகிறாள் என்று கூட்டம் வழிவிட்டது. சிலர் குனிந்து காலைத் தொட்டார்கள். பீடத்துக்கு முன்னால் அண்டாவில் பால். வல்லயத்தின் மணிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் அருகே போகப்போக இன்னும் வேகமாக, அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி, பசித்த பிள்ளை தாயைக் கண்ட மாதிரி ஆடின.

"எங்க பலவேசம்?" என்றார் சொரிமுத்து அண்ணாச்சி.

ராசகனி வயர்கூடையைத் தரையில் வைத்தாள். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். வாசனை, பாலின் வாசனையையும் சந்தனத்தையும் கிழித்துக்கொண்டு போனது. மேளம் நின்றுவிட்டது. அவள் டம்ளரை எடுத்து, நெளிவு வரைக்கும், ஒரு சொட்டு கூடாமல், ஒரு சொட்டு குறையாமல் ஊற்றினாள். முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள்.

"ஏ தாயி! என்ன காரியம் பண்ணுத? பால் குடிக்கிற மாடன்டீ அது!"

அவள் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்து, மணிகளுக்குக் கீழே தூக்கி, பெரிய மணி டம்ளருக்குள் முங்கும்படி வைத்தாள். "மெதுவா" என்றாள், தன்னை அறியாமல். "மெதுவா, மெதுவா."

மணிகள் படபடவென்று ஆடின. பிறகு ஒன்றிரண்டாக ஓய்ந்தன. பிறகு கடைசி மணியும், ஏதோ சொல்ல வந்து மறந்தது போல, நின்றது.

கூந்தன்விளையில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஆண்களுக்கு முதலில் புரியவில்லை. பெண்களுக்குப் புரிந்தது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் காலையை நினைத்துக்கொண்டாள். சீனியம்மாள்தான் மெல்ல வாயைத் திறந்தாள். "எங்க வீட்டு ஆளுக்கும் கை இப்படித்தான் நிக்கும். ஊத்தினாத்தான் நிக்கும்."

சொரிமுத்து அண்ணாச்சி ராசகனியையே பார்த்தார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதக் கொடையிலயே தெரியும் அண்ணாச்சி."

"அப்ப நாங்க இத்தனை நாளும் கும்பிட்டது?"

"அவரோட சீக்கை."

யாரும் அவளை அடிக்கவில்லை. ஒரு கிழவி மட்டும் பக்கத்தில் வந்து, அவள் காலைத் தொட்ட தன் கையைத் தன் சேலையிலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள். அண்டாப் பாலை எடுத்துத் தரையில் கொட்டிக் கழுவினார்கள். அவள் வயர்கூடையை எடுத்துக்கொண்டு நடந்தபோது, வழிவிட்ட அதே கூட்டம் அதே அளவு வழிவிட்டது, இந்த முறை அவள் மேல் பட்டுவிடக் கூடாது என்று.

டம்ளரின் சக்தி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பும் பேருந்தில் பாதி வழியில் அது விழித்துக்கொண்டது. வல்லயத்தை விட்டு இறங்கி அவள் பின்னாலேயே வந்திருந்தது. கண்டக்டரிடம் சில்லறை நீட்டிய அவள் வலது கையில், ஊற்றிய கையில், ஏறி உட்கார்ந்துகொண்டது. சில்லறை சிதறியது. அவள் குனிந்து பொறுக்கவில்லை. வா, வேறெங்கே போவாய் என்று மட்டும் நினைத்தாள்.

வார்டில் பலவேசம் சட்டை போட்டபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "கேட்டியா? கூப்பிட்டானா?"

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்துவைத்த பாட்டிலை, பூட்டிய கதவை, குலவையை, மணி நின்றதை. ஐகோர்ட்துரை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டான். அவள் முடித்ததும் பலவேசம் கேட்டான்.

"கொடையில நான் நாக்கைக் கடிச்சிட்டுக் கெடந்தப்ப நீ எங்க நின்ன?"

"பக்கத்துலதான் நின்னேன்."

அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டர் வந்து கையை நீட்டச் சொன்னபோது திரும்பாமலே பின்பக்கமாக நீட்டினான். அது ஆடவில்லை.

மருந்து முழுக்கக் குறைந்து முடிகிற வரைக்கும் அவன் அங்கேயே இருந்தான். அதற்கப்புறமும் மாதாமாதம் போய்க் கையை நீட்டிக் காட்டிவிட்டு வருகிறான். ஓட்டலில் மாவு மறுபடி வேட்டி மாதிரி விரிகிறது. அதைப் பார்க்க முன்போலக் கூட்டம் கூடுவதில்லை, அவன் பாட்டுக்கு வீசுகிறான். கூந்தன்விளையில் இப்போது ஒரு புதுப் பழக்கம் இருக்கிறது: கொடைக்குக் காப்புக் கட்டுகிறவர் முதலில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் முன்னால் கையை நீட்டிவிட்டு வர வேண்டும். கை ஆடினால் அவருக்குக் கட்டில், ஆடாவிட்டால்தான் கயிறு. எதற்கு என்று கேட்டால், எங்கள் மாடன் பால் குடிக்கிற மாடன், அவனுக்கு அது பிடிக்கும் என்கிறார்கள். சீனியம்மாள் வீட்டுக்காரர் இரண்டு தடவை கட்டிலுக்குப் போய்வந்துவிட்டார்.

ராசகனியின் வலது கை ஆடிக்கொண்டேயிருக்கிறது. டாக்டர் ஜெனிட்டா குனிந்து பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்றார். ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மில்லில் சலிக்க மாவு இருந்தால் மட்டும் அவள் கையில் சல்லடையைக் கொடுக்கிறார்கள், பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் புருஷன் அவளோடு பேசுவதில்லை. மன்னித்தானா என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

காலையில் அவன்தான் முதலில் எழுந்திருக்கிறான். டீ போட்டு, விளிம்பு நெளிந்த அந்த டம்ளரில் நெளிவு வரைக்கும் ஊற்றுகிறான். அவள் வலது கையை நீட்டுவாள், அது ஆடும். அவன் டம்ளரை அவள் கையில் கொடுப்பதில்லை. இரண்டு கைகளாலும் தானே பிடித்து அவள் வாயில் வைக்கிறான். அவள் முகத்தைப் பார்க்காமல், டீயை மட்டும் பார்த்துக்கொண்டு, நாள் முழுவதற்கும் அவளிடம் பேசுகிற ஒரே வார்த்தையைச் சொல்கிறான்.

"மெதுவா."